டொமினிக்காவில் ஒரு ஜாக்கோ கிளி

"இருக்கட்டுமே, மரத்தில் இலை வந்ததும் நானே விட்டுவிடுகிறேன்" என்று வீட்டில் கிளியை வைத்திருந்த அந்த அம்மா இரண்டு முறை சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

கரீபியன் தீவான டொமினிக்காவில் 2017 செப்டம்பர் 18 இரவு மரியா சூறாவளி அடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மலை முழுக்க தீப்பிடித்த மாதிரி பழுப்பாகக் கிடந்தது. பழமும் இல்லை, ஒளிய இலையும் இல்லை. அதனால் ஜாக்கோ கிளிகள் பசியில் தோட்டங்களுக்கு இறங்கின. ஆரஞ்சு மரத்தை நாசம் செய்கிறது என்று முன்பு இதே கிளியைத் திட்டியவர்கள்தான் இப்போது மிச்சமிருந்த பழத்தை அறுத்து வைத்தார்கள். ஜாக்கோவும், நாட்டுக் கொடியில் இருக்கும் சிசெரு என்ற இன்னொரு கிளியும் உலகில் வேறெங்கும் கிடையாது. அந்த ஊரில் இதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த அம்மா வீட்டு அடுப்படியில் ஒரு கிளி, சரியாகப் பறக்க முடியாமல், ஆனால் கண் தெளிவாக, உட்கார்ந்திருந்தது. காட்டுக்கிளியை வீட்டில் வைத்திருப்பது அங்கே சட்டப்படி குற்றம். மனிதக் கைக்குப் பழகிய பறவை திரும்பக் காட்டில் பிழைப்பது கஷ்டம், பூனை வரும், கூரையும் பாதி இல்லை. இதையெல்லாம் சொன்னேன், எல்லாமே உண்மைதான், இன்றைக்கும் சொல்வேன். "உங்களிடம் மட்டும் காடு இருக்கிறதா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் கிளியை எடுத்துப் போக வைத்திருந்த பெட்டியை மூடினேன்.

நான்காம் நாள் கிளி செத்துவிட்டது. பயத்தில் சாப்பிடவே இல்லை. உள்ளுக்குள் ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம், அங்கேயே இருந்திருந்தாலும் போயிருக்கலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். இருக்கலாம்தான். ஆனால் மூன்று வாரம் அது அந்த அடுப்படியில் உயிரோடுதானே இருந்தது? விதிப்படி செய்தேன் என்று காலையில் தோன்றும், இரவில் அது நிற்காது. சிசெருவாக இருந்திருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பேனா என்றும் யோசிப்பேன், வந்திருக்க மாட்டேன், அதுவும் தெரியும்.

அப்புறம் மரங்கள் துளிர்த்தன, நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே. தீனி வைக்கும் வேலையாக அதே சாலையில் பல முறை போனேன், அந்த வீட்டு வாசலில் ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தவில்லை. கிளிக்கு என்ன கொடுத்தார், எப்படிக் கொடுத்தார் என்று முதல் நாளே அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.