படகுக்குப் போட்ட கைதான் வீட்டுக்கும் போட்டது

இலங்கையின் 2024 நவம்பர் பொதுத் தேர்தல் முடிவு வந்த நாளில் முகநூல் முழுக்க மட்டக்களப்புப் புராணம்தான். இருபத்திரண்டு தேர்தல் மாவட்டங்களில் இருபத்தொன்றைத் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னம் அள்ளிக்கொண்டு போனது. யாழ்ப்பாணமும் வன்னியும்கூட அந்தப் பக்கம் சாய, மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தோடு நின்றது. தமிழரசுக்கு மூன்று ஆசனம், திசைகாட்டிக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரசுக்கு ஒன்று. கொள்கைக்காக நின்ற மண் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்து அதையெல்லாம் வாசித்த எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இதே மாவட்டம் 2020இல் என்ன செய்தது? விளக்கமறியலில் இருந்தபடி படகுச் சின்னத்தில் நின்ற, அரசாங்கத்துக்கு ஆதரவான கட்சியின் தலைவர் பிள்ளையானுக்கு 54,198 விருப்பு வாக்கு. மாவட்டத்தில் வேறு யாரும் அவ்வளவு எடுக்கவில்லை. அப்போது இது விலைபோன மண் என்றார்கள். எங்கட ஊரில் இரண்டு முறையும் பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றது பெரும்பாலும் ஒரே சனம்தான்.

என் சின்னப்பாவை எடுத்துக்கொள்வோம். 2020இல் படகு, 2024இல் வீடு. படகுக்குக் காரணம் கேட்டால் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்ட கதையைச் சொல்வார். வீட்டுக்குக் காரணம் மாடு. பெரும்போக வேளாண்மை விதைத்துவிட்டால் ஊரில் மாடு நிற்க இடமில்லை, மயிலத்தமடு மாதவணைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போக வேண்டும். அந்த மேய்ச்சல் தரையில் வெளியாட்கள் வந்து பயிர் செய்யத் தொடங்க, பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். மாதக்கணக்காகியும் முடிவில்லை. அப்போது அரசாங்கத்தோடு நின்ற ஆட்களாலும் ஒன்றும் ஆகவில்லை என்ற கோபம் சின்னப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை. அவருக்குள் உரிமை, அபிவிருத்தி என்று இரண்டு கட்சி சண்டை போடவில்லை. ஒரு முறை ஒழுங்கை, மறுகா மாடு. அவ்வளவுதான்.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் அலை அடித்தபோது எங்கள் பட்டிருப்புத் தொகுதி சூரியனுக்குப் போட்டது. அதே நாளில், அதே மாவட்டத்தில், கல்குடாக்காரர் ஐக்கிய தேசியக் கட்சியின் யானையில் கேட்ட தேவநாயகத்தை அனுப்பினார்கள். மட்டக்களப்பில் சூரியனில் வென்ற இராசதுரையோ கொஞ்ச நாளில் அரசாங்கப் பக்கம் போய் அமைச்சரானார்.

ஜனாதிபதித் தேர்தல் வந்தால் கணக்கே வேறு. அது யாரையாவது கொண்டுவருவதற்குப் போடுகிற வாக்கு இல்லை, ஒருவரை வரவிடாமல் பண்ணப் போடுகிறது. 2010இல் யுத்தத்தை நடத்திய தளபதி பொன்சேகாவுக்கே மாவட்டம் அன்னச் சின்னத்தில் புள்ளடி போட்டது என்றால் பாருங்கள். பிறகு மைத்திரி, பிறகு சஜித். 2024இல் சங்குச் சின்னத்தில் நின்றவர் எங்கள் மாவட்டத்தின் முன்னாள் எம்பி அரியநேத்திரன். நம்மட ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மாவட்டத்தில் முதலாவதாக வந்தது சஜித்தின் தொலைபேசி. "வெல்லாத ஆளுக்கு எதுக்குப் போடுற?" என்பது அப்பாவின் கட்சி. அம்மா மட்டும் சங்குக்கு 1, தொலைபேசிக்கு 2 என்று போட்டுவிட்டு வந்தார். வாக்கைப் பாழாக்கிப்போட்டாய் என்று அப்பா இரவு முழுக்கப் பேச்சு. அந்த முறைதான் யாரும் பாதி வாக்கைத் தாண்டாமல், சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பை எண்ணினார்கள். அம்மாவின் 2 சஜித்தின் கணக்கில் போய் ஏறியது. அப்பா அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

உள்ளூராட்சித் தேர்தல்தான் எனக்குப் பிடித்தது. பெரிய தேர்தல்களில் பெட்டி பட்டணத்துக்குப் போய் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும், ஊர் என்ன செய்தது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. இதில் சாவடியிலேயே எண்ணுகிறார்கள். 2025 மே 6ஆம் திகதி எங்கள் வட்டாரத்தில் தேர்தல் கேட்டவர்களில் ஒருவர் எங்கள் குடி, அதாவது எங்கள் வம்சம். குடி என்றால் எங்கள் பக்கம் சும்மா இல்லை, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் பதவியே குடி பார்த்துத்தான். அவர் தேர்தலுக்கு முதல் கொப்பியில் வீடு வீடாகக் கணக்கெழுதி வைத்திருந்தார், நானே பார்த்தேன். வளவு, பெயர், தலைக்கு ஒரு கோடு. ஆனால் குடி தாய்வழியில் வருகிறது, ஆம்பிளையோ கலியாணம் கட்டிப் பெண்சாதி வீட்டுக்குப் போய் இருக்கிறான். எங்கள் குடி வீடு என்று அவர் கோடு போட்ட இடத்திலெல்லாம் இன்னொரு குடி மருமகன் ஒருவன் இருந்தான். அந்த மருமகன்மாருக்கு அவரவர் தாய் வழியில் மாமனும் மச்சானும் வேறு கட்சியில் கேட்டார்கள். பெட்டியைத் திறந்தபோது கொப்பிக்கும் வாக்குக்கும் ஒட்டே இல்லை. மனுசன் அன்றிரவு சந்திக் கடையில் இருந்து, மருமகன்மாரை ஒவ்வொருவராக விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தாராம்.

என் தம்பி 2024இலும் 2025இலும் நடந்த மூன்று தேர்தலிலும் திசைகாட்டி. தேர்தலுக்கு முதலே சொல்லியும்விடுவான், எங்கள் வீட்டில் அப்படிச் சொல்கிறவன் அவன் ஒருவன்தான்.

கிழக்கு மாகாண சபைக்கு 2012க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. வைத்தால் எதுக்குப் போடுவீங்க என்று போன கிழமை சின்னப்பாவைக் கேட்டேன்.

"ஆர் ஆர் கேக்கிறான் எண்டு தெரியாம எப்படி மகள் சொல்லுற?" என்றார். "முதல்ல மாட்டுக்கு ஒரு வழி சொல்லட்டும்."