எவர்ரெல்ம் நாட்குறிப்பு

ஏப்ரல் 30, 2022, சனி

'த குவெஸ்ட்' நிகழ்ச்சியின் புது சீசன் மே 11 அன்று டிஸ்னி பிளஸ்ஸில் வருகிறது என்று தெரிந்ததும், அதற்குள் பழையதை முதலிலிருந்து பார்த்துவிடலாம் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கும் ஆசைதான். பழையது, அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 2014 ஜூலை 31 அன்று தொடங்கி செப்டம்பர் 11 அன்று முடிந்த பத்து எபிசோடுகள். அதற்கு மேல் ஏபிசி தொடரவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எவர்ரெல்ம் என்று ஒரு கற்பனை உலகம், அதில் சாங்க்டம் என்று ஒரு கோட்டை, அங்கே ஒரு ராணி. வெர்லாக்ஸ் என்ற கொடியவன் படையோடு வருகிறான். அவனைத் தடுக்க வேறு உலகத்திலிருந்து 12 பேர் அழைத்து வரப்படுகிறார்கள். இவர்களுக்குப் பலடின்கள் என்று பெயர். இந்த 12 பேரும் நடிகர்கள் கிடையாது, நம்மைப் போல வேலைக்குப் போகிற, கதைப் புத்தகம் படித்து வளர்ந்த மனிதர்கள். கோட்டையில் இருக்கும் மற்ற எல்லோரும் நடிகர்கள். போட்டி நடக்கும், ஒவ்வொருவராக வெளியேறுவார்கள், கடைசியில் நிற்பவர்தான் 'உண்மையான ஒரே வீரர்'. பரிசுப் பணம் என்று ஒன்று கிடையாது.

தயாரித்தவர்கள் யார் என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். 'த அமேசிங் ரேஸ்' நடத்திய பெர்ட்ரம் வான் மன்ஸ்டரும் எலிஸ் டொகானியரியும் ஒரு பக்கம், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரான மார்க் ஓர்டெஸ்கி இன்னொரு பக்கம். போட்டி நடத்தத் தெரிந்தவர்களும் உலகம் கட்டத் தெரிந்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

இன்று இரண்டு எபிசோடு. மகள் தூங்கப் போகும்போது ராணிக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

மே 2, திங்கள்

இந்த நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்தது வெளியேற்றும் முறை. சோதனையில் பின்தங்கியவர்கள் மூன்று விதித்தேவதைகளின் முன்னால் போய் நிற்க வேண்டும். அங்கே அவர்களுக்குள் இன்னொரு சோதனை, அதில் ஜெயித்தவர் தப்பிப்பார். மிச்சமிருப்பவர்களில் யார் தங்க வேண்டும் என்று மற்ற பலடின்கள் முடிவு செய்வார்கள். கவனியுங்கள், யாரை அனுப்பலாம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை, யார் நம்மோடு இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

பிக் பாஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய மாற்றம். நாமினேஷன் என்றால் ஒருவரைக் குறைசொல்லக் காரணம் தேடியாக வேண்டும், 'அவர் உண்மையா இல்ல', 'அவர் கேம் ஆடுறாரு' என்று. தங்க வைக்க வேண்டும் என்றால் அவரிடம் உள்ள நல்லதைத் தேட வேண்டும். நேற்று பார்த்த எபிசோடில் ஒருவர், முந்தின நாள் வரை அவ்வளவாகப் பேசிக்கொள்ளாத இன்னொருவருக்கு ஆதரவாகப் போய் நின்றார். நின்றவர் முகத்தையும் காப்பாற்றப்பட்டவர் முகத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. பணம் இல்லாத போட்டியில், ஒரு நாடகத்துக்குள், இவ்வளவு நிஜமாக ஒருவர் அழ முடிகிறது என்றால் அந்த உலகத்தை அவர்கள் எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

நம்பிக்கை என்று சொல்லும்போது எனக்கு எங்கள் செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாதான் நினைவுக்கு வருகிறது. பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், அவன் மேல் வேஷக்காரர்கள் ஓடுவார்கள், தொடையில் பீமன் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள். வேஷம் கட்டியிருப்பவர் யார், எந்தத் தெருக்காரர் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் ஒப்பாரி ஆரம்பித்தால் பெண்கள் நிஜமாகவே அழுவார்கள். தெரிந்துகொண்டே நம்புவது என்று ஒன்று இருக்கிறது, அது ஏமாறுவது இல்லை, அதைக் கூட்டமாகச் சேர்ந்துதான் செய்ய முடியும். பலடின்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

மே 4, புதன்

இன்று ஒரு எபிசோடுதான், நாளை அவளுக்குப் பள்ளியில் தேர்வு.

ஆன்ஸ்கரைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன். பலடின்களுக்குப் போர்ப் பயிற்சி கொடுப்பவர். சிரிக்கவே மாட்டார். அவர் ஒரு தடவை லேசாகத் தலையசைத்தால் போதும், அவர்களுக்கு மெடல் வாங்கிய மாதிரி இருக்கிறது. கூடவே க்ரியோ, பலடின்களைக் கவனித்துக்கொள்ளும் பணியாள், வீட்டுப் பிள்ளை போல எல்லோரோடும் ஒட்டிக்கொள்கிறவர். இந்த இரண்டு நடிகர்களின் உழைப்பை யாரும் சரியாகப் பாராட்டவில்லை என்று நினைக்கிறேன். மேடை நாடகத்தில் எதிரே இருப்பவருக்கும் வசனம் தெரியும். இங்கே எதிரே இருப்பவர் என்ன சொல்வார், எப்போது அழுவார், எப்போது கோபப்படுவார் என்று யாருக்கும் தெரியாது. அதற்கெல்லாம் ஆன்ஸ்கராக, க்ரியோவாக மட்டுமே பதில் சொல்ல வேண்டும்.

மே 7, சனி

கோட்டைக்கே போய் வந்தோம்!

நிகழ்ச்சியில் சாங்க்டமாக வரும் கோட்டை ஆஸ்திரியாவில், வியன்னாவிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. நிஜப் பெயர் க்ரொய்ட்சென்ஷ்டைன். ஃப்ளோரிட்ஸ்டோர்ஃபில் எஸ்3 ரயில் ஏறி லியோபென்டோர்ஃபில் இறங்கினால், அங்கிருந்து மேட்டுக்கு நடைதான். மரங்களுக்கு நடுவில் திடீரென்று கோபுரம் தெரிந்தபோது மகள் என் கையை விட்டுவிட்டு ஓடினாள்.

உள்ளே தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், வழிகாட்டி ஒருவரோடு குழுவாகத்தான் போக வேண்டும். அவர் சொன்னவற்றில் பாதி எனக்கு ஏற்கெனவே படித்துத் தெரியும், ஆனாலும் அந்த முற்றத்தில் நின்று கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. பழைய கோட்டையை 1645இல், முப்பதாண்டுப் போரின்போது, ஸ்வீடன் படை வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. அதற்குப் பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல் வெறும் இடிபாடு. 1874இல் வில்ச்செக் பிரபு, யோஹான் நெபோமுக் வில்ச்செக், இதை மறுபடி கட்ட ஆரம்பித்தார், கார்ல் கங்கோல்ஃப் கைசர் என்ற கட்டடக் கலைஞரை வைத்து. குடும்பத்துக்கு ஒரு கல்லறையும் தேவாலயமும் வேண்டும் என்பதில் தொடங்கி, முழுக் கோட்டையாக வளர்ந்து, முடிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. கைசர் முடிவைப் பார்க்காமலே இறந்துபோனார்.

இதில் என்னை அசர வைத்தது அவர் கட்டிய விதம். ஐரோப்பா முழுக்கப் பழைய கட்டடங்களிலிருந்து நிஜமான இடைக்காலத் துண்டுகளை வாங்கி வந்து இங்கே பொருத்தியிருக்கிறார். முற்றத்தில் நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கல் தாழ்வாரம் இப்போது ஸ்லோவாக்கியாவில் இருக்கும் கோஷிட்சே நகரத்துப் பேராலயத்திலிருந்து வந்தது, இன்றும் 'கஷாவ் தாழ்வாரம்' என்றே பெயர் (கஷாவ் என்பது கோஷிட்சேயின் ஜெர்மன் பெயர்). பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வந்த கல்லும் புதிதாக வெட்டிய கல்லும் சேரும் இடத்தில் நிறம் லேசாக மாறுகிறது, பழையது சற்றுக் கறுத்து, விளிம்பு தேய்ந்து, விரல் வைத்தால் வழவழவென்று இருக்கிறது. தனித்தனியாக எல்லாம் நிஜம். சேர்த்துப் பார்த்தால் எந்தக் காலத்திலும் இருந்திராத கோட்டை.

வில்ச்செக்கும் லேசுப்பட்ட ஆளில்லை. 1872இல் புறப்பட்ட ஆஸ்திரிய-ஹங்கேரிய வடதுருவப் பயணத்துக்குப் பெரும் பணம் கொடுத்தவர் இவர்தான். 1881இல் வியன்னாவின் ரிங் தியேட்டர் எரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்த பிறகு, நகரத்துக்கு ஒரு தன்னார்வ மீட்புச் சங்கம் அமைத்தவர்களிலும் ஒருவர். அப்படிப்பட்டவர் ஆயுதக் கூடத்தையும் அடுப்படியையும் இவ்வளவு ஆசையாக ஜோடித்திருக்கிறார் என்றால் அது வெறும் பணக்காரப் பொழுதுபோக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. தான் படித்த உலகத்துக்குள் ஒரு நாளாவது நடந்து பார்க்க வேண்டும் என்கிற ஆசை அது. நிகழ்ச்சிக்காக இங்கே வந்த 12 பேருக்கும் அதே ஆசைதான்.

"அம்மா, இங்கதான் க்ரியோ நின்னாரு," என்று மகள் முற்றத்தின் ஒரு மூலையைக் காட்டினாள். வழிகாட்டி காதில் விழுந்திருக்க வேண்டும், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மே 8, ஞாயிறு

கால் வலி. வீட்டிலேயே இருந்தோம்.

இந்த வகை நிகழ்ச்சிகளில் மூத்தவற்றில் ஒன்று பிரிட்டனின் 'நைட்மேர்'. ஐடிவியில் 1987 முதல் 1994 வரை, எட்டு சீசன், பிள்ளைகளுக்கானது. இன்று அதில் கொஞ்சம் தேடிப் பார்த்தோம். டிம் சைல்ட் என்பவர் ஆங்கிலியா தொலைக்காட்சிக்காக நாரிச்சில் எடுத்தது. நான்கு பிள்ளைகள் ஓர் அணி. ஒருவர் நிலவறைக்குள் போவார், மூன்று பேர் வெளியே உட்கார்ந்து திரையில் பார்த்துக்கொண்டு வழி சொல்வார்கள். அந்தக் கோட்டையின் தலைவர் ட்ரெகார்ட், அதாவது அந்த வேஷத்தில் நடிகர் ஹியூகோ மயட், கூடவே இருந்து எச்சரிப்பார்.

நிலவறை எங்கே இருந்தது என்றால் எங்கேயும் இல்லை. அந்தப் பிள்ளை நிஜத்தில் நின்றது நீலச் சுவர்கள் கொண்ட வெற்று அறையில். டேவிட் ரோ வரைந்த படங்களை குரோமா கீ முறையில் அந்த நீலத்துக்குப் பதிலாகப் போட்டார்கள். பிள்ளை நீலச் சுவரைப் பார்த்துவிட்டால் மாயம் கலைந்துவிடும், அதற்கு என்ன செய்வது? தலையில் பெரிய கவசம் ஒன்றைக் கவிழ்த்துவிட்டார்கள், 'நீதியின் கவசம்' என்று பெயர் வைத்து. தன் காலடியைத் தவிர வேறொன்றும் தெரியாது. அப்புறம் வழி சொல்லும் நண்பர்கள்தான் கண். ஒரு தொழில்நுட்பக் குறையை அப்படியே கதையின் விதியாக்கி, அந்த விதியிலிருந்தே விளையாட்டின் மொத்தப் பதற்றத்தையும் எடுத்திருக்கிறார்கள். இதை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

கஷ்டமான விளையாட்டும்கூட. அத்தனை வருஷத்தில் ஜெயித்தது எட்டு அணிகள்தான். "இடது பக்கம் ஒரு எட்டு வை" என்பதற்குப் பதில் வலது என்று நண்பன் சொல்லிவிட்டால் பள்ளத்தில் விழ வேண்டியதுதான். பிள்ளைகள் என்பதற்காக யாரும் சலுகை காட்டவில்லை. மகளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மே 11, புதன்

புதியது வந்துவிட்டது. எட்டு எபிசோடும் ஒரே நாளில். இந்தத் தடவை பலடின்கள் எட்டு பேர், எல்லோரும் பதின்வயதினர். முதல் இரண்டைப் பார்த்தோம்.

உடைகள் அழகு, பிள்ளைகள் அதைவிட அழகு, கண்ணில் அந்த வெளிச்சம் இருக்கிறது. ஆனால் ஒரு குறை, சொல்லியே ஆக வேண்டும். எழுதி எடுத்த காட்சிகள் நிறைய. பலடின்கள் இல்லாத இடத்தில் அரச குடும்பத்தவர் தங்களுக்குள் நாடகத் தொடர் போல நீளமாகப் பேசிக்கொள்கிறார்கள், நாம் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்புகிறோம். அப்போது பிள்ளைகளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடுகிறது. பழையதில் பெரும்பாலும் அவர்களோடு சேர்ந்தே நாமும் கண்டுபிடித்தோம், யாரைச் சந்தேகப்படுவது என்று அவர்களோடு சேர்ந்தே குழம்பினோம். உலகம் அவர்களைச் சுற்றிச் சுழல வேண்டும், அவர்கள் அந்த உலகத்துக்கு விருந்தாளிகளாகிவிடக் கூடாது.

மகளிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும்மா, அப்பதான் அவங்களுக்காக பயப்பட முடியும்," என்றாள். அதுவும் ஒரு நியாயம்தான்.

மே 15, ஞாயிறு

பழைய சீசனின் கடைசி எபிசோடை இன்றுதான் பார்த்து முடித்தோம், வேண்டுமென்றே தள்ளிப் போட்டு வைத்திருந்தோம். சூரிய ஈட்டி, வெர்லாக்ஸ், எல்லாம். ஜெயித்தது ஒரு பெண். யார் என்று எழுத மாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள்.

2014இல் இது ஏன் ஓடவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ரியாலிட்டி ஷோ ரசிகர்கள் சண்டையையும் சூழ்ச்சியையும் எதிர்பார்த்து வந்திருப்பார்கள், இங்கே அது குறைவு. கற்பனைக் கதை ரசிகர்கள் ரியாலிட்டி என்ற பெயரைக் கேட்டே ஒதுங்கியிருப்பார்கள். இருவருக்கும் நடுவில் விழுந்துவிட்டது. என் கணிப்பு இதுதான், சேனல்காரர்கள் வேறு கணக்கு வைத்திருக்கலாம்.

யாராவது இதை மறுபடி எடுத்தால் இரண்டு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பரிசுப் பணம் வைக்காதீர்கள். யார் தங்க வேண்டும் என்று கேட்கும் அந்த வாக்கெடுப்பை மாற்றாதீர்கள். மற்றதெல்லாம், கோட்டை, பேய், பூதம், டிராகன், எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

அடுத்து பிபிசியின் 'ரேவன்' பார்க்கலாம் என்று இருக்கிறோம். 2002இல் தொடங்கியது, ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்தது, ஜேம்ஸ் மெக்கென்சி காக்கையாக மாறும் வீரனாக வருவார். அதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எந்த சீசனிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள். மகள் இரண்டாவது தடவையாகக் கேட்டுவிட்டாள்.