நாலு பக்க ரெஸ்யூமோட கேரியர் ஃபேருக்கு போனவன் சொல்றது

"அண்ணா, அது பிளாக் காலேஜ் தானே, அங்க படிச்சா வேலை கிடைக்குமா?" வருஷா வருஷம் ஐ-20, அதாவது மாணவர் விசாவுக்கு அமெரிக்க காலேஜ் அனுப்பற ஃபார்ம், வர்ற சீசன்ல எனக்கு வர்ற போன்ல பாதி இந்த கேள்விதான். நான் நார்த் கரோலினா ஏ அண்ட் டி ஸ்டேட் யுனிவர்சிட்டில, கிரீன்ஸ்பரோங்கற ஊர்ல, சிவில் எம்.எஸ் முடிச்சவன். சொந்த ஊரு தாராபுரம் பக்கம். கிடைக்கும் தம்பி, ஆனா நம்ம ஊர் காலேஜ்ல பிளேஸ்மெண்ட் வர்ற வரைக்கும் உக்காந்திருந்த மாதிரி உக்காந்திருந்தா கிடைக்காது. போன்ல ஒவ்வொருத்தருக்கா சொல்லி அலுத்துப்போச்சு, அதான் எழுதியே வச்சிடலாம்னு.

மொதல்ல இது என்ன காலேஜ்னு தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா கேரியர் விஷயத்துல அங்க நடக்கற பல கூத்துக்கு காரணம் அதுல தான் இருக்கு. வெள்ளைக்காரங்க காலேஜ்ல கறுப்பின பசங்கள சேக்காத காலத்துல அவங்களுக்குன்னே ஆரம்பிச்ச காலேஜுங்க இது. 1964-க்கு முன்னாடி ஆரம்பிச்சிருக்கணும், கறுப்பின மக்களோட படிப்புதான் முக்கிய நோக்கமா இருந்திருக்கணும், அப்டி இருந்தா ஹெச்பிசியுன்னு (ஹிஸ்டாரிக்கலி பிளாக் காலேஜஸ் அண்ட் யுனிவர்சிட்டீஸ்) 1965 உயர்கல்வி சட்டத்துல வரையறை பண்ணிருக்காங்க. நாடு முழுக்க சுமார் 100 இருக்கு. 1890-ல ஒரு சட்டம் வந்து, விவசாயம் என்ஜினியரிங் சொல்லிக்குடுக்கற காலேஜ்க்கு பணம் வேணும்னா கறுப்பின பசங்களயும் சேத்துக்கோ, இல்லன்னா அவங்களுக்கு தனியா ஒண்ணு கட்டுன்னு சொல்லிடுச்சு, தெற்கு மாநிலங்க தனி காலேஜ் வழியத்தான் எடுத்துக்கிச்சு, எங்க காலேஜ் அப்டி 1891-ல வந்தது. இன்னிக்கு மாணவர் எண்ணிக்கைல ஹெச்பிசியுலயே பெருசு அதுதான். யார் வேணா சேரலாம், ஜாதி சர்டிபிகேட்லாம் யாரும் கேக்கல (எங்க அப்பா நெஜமாவே கேட்டாரு). கமலா ஹாரிஸ் 1986-ல முடிச்ச ஹோவர்ட் யுனிவர்சிட்டியும் இந்த வகை தான். அவங்கம்மா வழில நம்ம ஊரு சொந்தம்ங்கறதால இந்த பேர சொன்னா தான் வீட்ல கொஞ்சம் சமாதானம் ஆகறாங்க.

கேம்பஸ்ல நாலு பசங்க சிலை ஒண்ணு இருக்கும். 1960 பிப்ரவரி 1-ம் தேதி, ஃபர்ஸ்ட் இயர் படிச்சுட்டு இருந்த நாலு பேரு டவுன்ல வுல்வொர்த் கடைல, வெள்ளைக்காரங்க மட்டும் உக்கார்ற சாப்பாட்டு கவுண்டர்ல போய் உக்காந்து காபி கேட்டாங்க. குடுக்கல, எந்திரிக்கவும் இல்ல. அங்கேர்ந்து பல ஊருக்கு பரவுன போராட்டம் அது. அந்த கடை இருந்த பில்டிங் இப்ப மியூசியம். அந்த நாள்ல எடுத்த போட்டோவ பாருங்க, நல்லா பளிச்சுனு ட்ரெஸ் பண்ணிட்டு நடந்து வருவாங்க, காலேஜ் பசங்க கடைக்கு போன மாதிரியே இருக்காது. எனக்கு அது ரொம்ப நாள் கழிச்சு தான் உறைச்சுது. அந்த காலேஜ்ல ட்ரெஸ், கை குடுக்கறது, நேரத்துக்கு வர்றது இதெல்லாம் ஃபேஷனே கிடையாது. உனக்கு ரெண்டாவது சான்ஸ் தரமாட்டாங்கன்னு தலைமுறை தலைமுறையா தெரிஞ்சவங்க சொல்லிக்குடுக்கற பாடம் அது. பசங்கள்ல நிறைய பேரு குடும்பத்துலயே மொத ஆளா காலேஜ் வந்தவங்க. பெரியப்பா மகன் கம்பெனில இருந்தா ஒரு வார்த்த சொல்லி விடுவாருல்ல, அந்த பெரியப்பா மகன் இல்லாத வீட்டு பசங்க. அதனால அந்த வேலைய காலேஜே எடுத்து செய்யுது. எனக்கும் அமெரிக்கால ஒருத்தரும் கிடையாது, சோ எனக்கு இதவிட பொருத்தமான இடம் வேற இருந்திருக்காதுன்னு இப்ப தோணுது.

அப்ப தோணல. போன மொத மாசமே, செப்டம்பர்ல, கம்பெனிங்க காலேஜ்லயே ஸ்டால் போட்டு ஆள் தேடற கேரியர் ஃபேர். நான் இங்க திருப்பூர்ல ஒரு கான்ட்ராக்டர்கிட்ட எட்டு மாசம் சைட் என்ஜினியரா இருந்தப்ப போட்ட ரெஸ்யூமையே எடுத்துட்டு போனேன். நாலு பக்கம். அதுல அப்பா பேரு, பொறந்த தேதி, கல்யாணம் ஆகலங்கற தகவல், போட்டோ, கடைசில "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை"ன்னு கையெழுத்து வேற. ஒரு ஸ்டால்ல அந்தம்மா மொத பக்கத்த பாத்துட்டு, சிரிக்காம இருக்க ரொம்ப கஷ்டப்பட்டு, "சரி, உன்ன பத்தி சொல்லு"ன்னாங்க. மை செல்ஃப்னு ஆரம்பிச்சேன், தாராபுரம் எங்க இருக்குன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பின்னாடி வரிசைல இருந்த பொண்ணு முன்னாடி வந்து, 30 செகண்ட்ல பேரு, என்ன இயர், என்ன ப்ராஜெக்ட் பண்ணேன், உங்க கம்பெனில இந்த வேலை பத்தி படிச்சேன்னு சொல்லி இண்டர்வியூ டைமே வாங்கிட்டு போயிடுச்சு. அது செகண்ட் இயர் பொண்ணு! அன்னிக்கு 14 ஸ்டால் ஏறி இறங்குனேன், ஒண்ணும் இல்ல. அதுல பாதி எனக்கு வேலை தரவே முடியாத எடம்னு கூட அப்ப தெரியாது.

அடுத்த வாரம் கேரியர் ஆபீஸ் போனேன். அங்க இருந்தவங்களுக்கு எங்கம்மா வயசு இருக்கும். என்ன "பேபி"ன்னு தான் கூப்பிட்டாங்க, மொதல்ல திடுக்குனு இருந்துச்சு, அப்புறம் பாத்தா அந்த பக்கம் பெரியவங்க எல்லாரையும் அப்டித்தான் கூப்பிடறாங்க, எங்க பக்கம் "கண்ணு"ன்னு சொல்றாப்ல. ரெஸ்யூம வாங்கி பின்னாடி மூணு பக்கத்த மடிச்சு டேபிள் டிராயர்ல போட்டு மூடிட்டாங்க. மிச்சம் ஒரு பக்கம். அதுல "சைட் சூப்பர்விஷன் பொறுப்பு"ன்னு ஒரு வரி. அத விரல்ல தட்டி, "இதுல நீ என்ன செஞ்ச?" அப்டின்னாங்க. கான்கிரீட் போடறத பாத்துக்கிட்டேன்னேன். "எவ்ளோ கான்கிரீட்? எத்தன மாடி? யாரு டெஸ்ட் பண்ணா?" நான்தான் பண்ணேன், ஸ்லம்ப் டெஸ்ட் (ஈர கான்கிரீட் எவ்ளோ இளகலா இருக்குன்னு பாக்கறது), கான்கிரீட்ட கட்டியா, அதாவது க்யூபா எடுத்து 7 நாள் 28 நாள் வலிமை டெஸ்ட்டுக்கு அனுப்பறது, கம்பி ஷெட்யூல் போடறது, எல்லாம் நான்தான். "அப்ப அத எழுதலாம்ல பேபி, பொறுப்புன்னு எழுதி வச்சிருக்க, பொறுப்ப யாரு பாத்தா?"

ஒரு மணி நேரம் ஆச்சு அந்த ஒரு வரிக்கு. கடைசில மூணு மாடி பனியன் குடோன், இத்தன கன கெஜம் கான்கிரீட், இத்தன செட் க்யூப்னு நம்பரோட நாலு வரி வந்துச்சு. அந்த நாலு வரிதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் சோறு போடுது. சிவில் தம்பிங்களுக்கு ஒண்ணு: யூனிட்ட மாத்துங்க, ஆனா முட்டாத்தனமா மாத்தாதீங்க. நம்ம ஊர் வலிமை கணக்குல எம்25 கான்கிரீட்னு எழுதுனா அங்க யாருக்கும் புரியாதுன்னு நான் 25 மெகாபாஸ்கல கால்குலேட்டர்ல பெருக்கி அவங்க யூனிட்ல 3,600 பிஎஸ்ஐன்னு போட்டுட்டேன். அதோட கதை பின்னாடி வரும்.

ட்ரெஸ்க்கு பயப்படாதீங்க, பல ஹெச்பிசியுல கேரியர் க்ளோசெட்னு ஒண்ணு வச்சிருக்காங்க, பழைய மாணவங்களும் மத்தவங்களும் குடுத்த கோட்டு, சட்டை, டை எல்லாம் இருக்கும், பசங்களுக்கு ஃப்ரீ. எனக்கு கிடைச்ச பிளேசர்ல தோள்பட்டை சரியா இருந்துச்சு, கை மட்டும் ரெண்டு இன்ச் நீளம். டை கட்டத்தெரியாம நின்னப்ப 19 வயசு பையன் ஒருத்தன் கட்டி விட்டான், எனக்கு அப்ப 24. இந்த பசங்ககிட்ட கூச்சம் பாக்காம கத்துக்கோங்க. நம்மாளுங்க கிராஜுவேட் ஸ்டூடண்ட்ங்கற கெத்துல நம்ம ரூம், நம்ம சாம்பார், நம்ம கேங்குன்னு இருந்துடறோம், லேபுக்கும் ரூமுக்கும் நடந்தே ரெண்டு வருஷம் முடிஞ்சிடுது. நெஸ்பின்னு சொல்ற நேஷனல் சொசைட்டி ஆஃப் பிளாக் என்ஜினியர்ஸ், 1975-ல பர்டியூ யுனிவர்சிட்டில பசங்களே ஆரம்பிச்சது, அதோட கிளை எங்க காலேஜ்லயும் இருக்கு. நீங்களும் சேரலாம், என்ன யாரும் ஏன் வந்தன்னு கேக்கல. அவங்களே ஒருத்தர ஒருத்தர் உக்கார வச்சு மாக் இண்டர்வியூ, அதாவது ஒத்திகை இண்டர்வியூ நடத்துவாங்க, ஈவு இரக்கம் இருக்காது. அவங்க வருஷாந்திர கன்வென்ஷன்ல கம்பெனிங்க அங்கயே இண்டர்வியூ வச்சு ஆள் எடுப்பாங்க, ரெஸ்யூம முன்கூட்டியே அப்லோட் பண்ணிடணும், அன்னிக்கு போய் நீட்டறது லேட்டு.

ஆனா ஒண்ணு, அது அவங்களுக்காக அவங்க கட்டுன வீடு. நாம விருந்தாளி. அங்க வர்ற எல்லா ஸ்காலர்ஷிப்பும் நமக்கும்னு நெனச்சு சண்டை போடற ஆளுங்கள பாத்திருக்கேன், அசிங்கமா இருக்கும். மேல்படிப்புக்கு பணம் தர்ற ஜெம் ஃபெல்லோஷிப்லாம் சிட்டிசன், கிரீன் கார்ட் ஆளுங்களுக்கு தான். நாசா இண்டர்ன்ஷிப்புக்கு சிட்டிசனா இருக்கணும். ராணுவ என்ஜினியர் பிரிவு, டிஃபென்ஸ் கம்பெனி ஸ்டாலும் பெரும்பாலும் அப்டித்தான். ரொனால்ட் மெக்நேர்னு சேலஞ்சர் விண்கலத்துல 1986-ல இறந்தாரே, அவரு எங்க காலேஜ்ல 1971-ல ஃபிசிக்ஸ் முடிச்சவரு, என்ஜினியரிங் பில்டிங் ஒண்ணுக்கு அவரு பேரு தான், அதனால நாசா ஸ்டால்ல எப்பவும் கூட்டம். நான் மொத ஃபேர்ல அந்த வரிசைல 40 நிமிஷம் நின்னேன். நீங்க நிக்காதீங்க. ஃபேருக்கு முந்தின நாளே காலேஜ் பசங்க வேலை தேடற ஹேண்ட்ஷேக் ஆப்ல கம்பெனி லிஸ்ட் எடுத்து, எஃப்-1 (நம்ம மாணவர் விசா) ஆளுங்கள எடுக்கறது யாருன்னு பிரிச்சு வச்சுக்கோங்க.

விசா கணக்க சுருக்கமா சொல்லிடறேன். ஒரு அகடமிக் இயர் முடிச்சா தான் சிபிடி (படிக்கும்போதே படிப்பு சம்பந்தமான வேலை செய்ய அனுமதி), அதாவது ஆகஸ்ட்ல சேந்தா அடுத்த சம்மர் இண்டர்ன்ஷிப்புக்கு சரியா வரும், அதுக்கு வேட்டை செப்டம்பர்லயே ஆரம்பிக்கணும். முழு நேர சிபிடிய 12 மாசம் போட்டுட்டா ஓபிடி (படிப்பு முடிச்சப்புறம் வேலை செய்ய அனுமதி) போயிடும். ஓபிடிக்கு படிப்பு முடியறதுக்கு 90 நாள் முன்னாடியே அப்ளை பண்ணலாம், அந்த மொத நாளே பண்ணிடுங்க. ஓபிடி ஒரு வருஷம், ஸ்டெம் (சயின்ஸ், டெக்னாலஜி, என்ஜினியரிங், கணக்கு) படிப்புன்னா இன்னும் 24 மாசம், ஆனா அதுக்கு கம்பெனி இ-வெரிஃபைல (வேலை செய்ய அனுமதி இருக்கான்னு சரிபாக்கற அரசாங்க சிஸ்டம்) இருக்கணும். மொத ஓபிடில வேலை இல்லாம மொத்தம் 90 நாளுக்கு மேல இருக்கக்கூடாது. ரூல் மாறிட்டே இருக்கும், இண்டர்நேஷனல் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க, ரூம்மேட் சொன்னான்னு எதையும் செய்யாதீங்க.

இப்ப ஹோம்கமிங். அக்டோபர் பக்கம் பழைய மாணவங்க எல்லாம் திரும்பி வர்ற வாரம், எங்காளுங்க அத "பூமியிலயே பெரிய ஹோம்கமிங்"னு சொல்லிக்குவாங்க, தேர்த்திருவிழா கணக்கா ஊரே நீலமும் மஞ்சளுமா இருக்கும். நம்ம பசங்க அந்த வீக்எண்ட் லீவுன்னு ஊர் சுத்த போயிடுவாங்க. நான் காசில்லாம ரூம்ல இருந்தேன், வாசம் இழுத்துட்டு போச்சு. பார்க்கிங்ல கார் டிக்கிய திறந்து வச்சு, அடுப்பு போட்டு, கறி சுட்டு, மீன் பொரிச்சு வர்றவன் போறவனுக்கெல்லாம் தட்டுல வச்சு குடுக்கறாங்க. ஒரு அடுப்புக்கு பக்கத்துல தட்டோட நின்னப்ப பெரியவர் ஒருத்தர் "என்ன படிக்கற"ன்னாரு. சிவில்னேன். "நானும் சிவில் தான், நீ இங்க வா"ன்னு மீன் பொரிக்கற கரண்டிய என் கைல குடுத்துட்டு பேச ஆரம்பிச்சாரு. சார்லட்ல கட்டுமான டெஸ்டிங் பக்கம் இருக்காராம். ஃபேர்ல அந்த பொண்ணு சொன்ன மாதிரி ஒரு 30 செகண்ட் அறிமுகத்த ஆபீஸ் அம்மா எனக்கும் சொல்லிக்குடுத்திருந்தாங்க, அத எண்ணெய் தெறிக்க தெறிக்க சொன்னேன். நம்பர் குடுத்தாரு. திங்கக்கிழமை காலைல மெயில் போட்டேன். இத மட்டும் விட்றாதீங்க, செவ்வாக்கிழமை ஆனா மறந்துடுவாங்க. அவரு வேலை வாங்கித் தரல, அவங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறவங்களுக்கு ஒரு வரி எழுதுனாரு, அவ்ளோதான்.

அத வச்சு கூப்பிட்ட இண்டர்வியூல தான் 3,600 பிஎஸ்ஐ மாட்டுச்சு. "இது க்யூபா சிலிண்டரா?"ன்னு கேட்டாரு ஒருத்தரு. நம்ம ஊர்ல 15 சென்டிமீட்டர் க்யூப உடைச்சு பாப்போம், அங்க சிலிண்டர். ஒரே கான்கிரீட்டுக்கு சிலிண்டர் வலிமை கம்மியா தான் காட்டும், சுமாரா க்யூப்ல 80 சதவீதம்னு வச்சுக்கலாம், அப்ப எம்25-ங்கறது கிட்டத்தட்ட 2,900 பிஎஸ்ஐ தான். வேர்த்துடுச்சு. க்யூப் தான் சார், நேரா மாத்திட்டேன், தப்புன்னு ஒத்துக்கிட்டு, ஏன் ரெண்டும் வேற வேறன்னு போர்டுல படம் போட்டு சொன்னேன். அந்த சம்மர் முழுக்க அவங்க லேப்ல சிலிண்டர் உடைச்சுட்டு இருந்தேன்.

சிவில் ஆளுங்க, என்ஜினியர் லைசென்ஸுக்கு மொத படியான எஃப்இ எக்ஸாம படிக்கும்போதே முடிச்சிடுங்க, வேலைக்கு போனப்புறம் உக்கார மாட்டீங்க. 110 கேள்வி, 5 மணி 20 நிமிஷம், கம்ப்யூட்டர்ல. ஃபார்முலா மனப்பாடம் தேவையில்ல, ஸ்க்ரீன்லயே ஹேண்ட்புக் குடுப்பாங்க, தேடிக்கலாம். அந்த ஹேண்ட்புக் பிடிஎஃப், எக்ஸாம் நடத்தறவங்க (என்சிஈஈஎஸ்) சைட்லயே ஃப்ரீயா கிடைக்கும், மூணு மாசம் அத வச்சே கணக்கு போட்டு பழகுங்க, எது எந்த பக்கம்னு கண்ண மூடிட்டு தெரியணும். எனக்கு ஸ்ட்ரக்சர்ஸ், சாயில் எல்லாம் சுலபமா போச்சு, ரோடு தான் உதைச்சுது, நாம படிச்சது ஐஆர்சி, அதாவது நம்ம ஊர் ரோடு விதி, அங்க வேற. எத்திக்ஸ், என்ஜினியரிங் எகனாமிக்ஸ் சும்மா கிடைக்கற மார்க்கு, விடாதீங்க. கால்குலேட்டர் அவங்க லிஸ்ட்ல இருக்கறது மட்டும் தான், நான் போனப்ப காசியோ எஃப்எக்ஸ்-991 அதுல இருந்துச்சு, பி.இ-ல தாராபுரத்துல வாங்குனத தான் எடுத்துட்டு போனேன், மூடி கூட இல்ல.

கடைசியா, 2020-க்கு அப்புறம் கம்பெனிங்க ஹெச்பிசியு வாசல்ல வரிசைல நின்னாங்க, 2025-ல பல பேரு அந்த டைவர்சிட்டி (எல்லா இன ஆளுங்களயும் சேக்கற) திட்டத்த எல்லாம் சுருக்கிட்டாங்க. அதனால ஸ்டால் எண்ணிக்கைய நம்பி இருக்காதீங்க, மீன் பொரிக்கற பெரியவங்கள தேடுங்க. செப்டம்பர் ஃபேருக்கு ரெண்டு வாரம் முன்னாடி ரெஸ்யூம் பாக்க அப்பாயின்ட்மென்ட் போட்டுடுங்க, கடைசி வாரம் எப்டியும் கூட்டமா தான் இருக்கும். ஷூ மட்டும் இங்கேர்ந்தே வாங்கிட்டு போங்க, க்ளோசெட்ல இருக்கறதெல்லாம் ஃபுட்பால் ஆடறவங்க சைஸு.