எச்.எஸ்.ஏ. வரம்பு மீறியதாக வரி மென்பொருள் சொன்னால்

மருத்துவச் செலவுக்காக வரியில்லாமல் பணம் சேர்த்து வைக்கும் எச்.எஸ்.ஏ. (ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட்) கணக்கில் ஆண்டு வரம்புக்கு மேல் பணம் சேர்ந்துவிட்டது, அதற்கு 6 சதவீத அபராத வரி உண்டு என்று வரி மென்பொருள் அறிவித்ததும், அமெரிக்காவில் வேலை செய்யும் என் நண்பர்கள் பலர் கணக்கை வைத்திருக்கும் நிறுவனத்தை அழைத்து மிகைப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலான சமயங்களில் அந்த அழைப்புக்குத் தேவையே இருப்பதில்லை. பணம் வரம்புக்குள்தான் இருக்கும். மென்பொருளின் கேள்விகளுக்குக் கொடுத்த விடைகளில் ஏதோ ஒன்று தவறியிருக்கும்.

2025ஆம் ஆண்டுக்கான வரம்பு, காப்பீடு ஒருவருக்கு மட்டும் என்றால் 4,300 டாலர், குடும்பத்துக்கு என்றால் 8,550 டாலர். 55 வயது நிறைந்தவர்கள் மேலும் 1,000 டாலர் போடலாம். வேலை கொடுப்பவர் போடும் பணமும் இந்த வரம்புக்குள்ளேயே அடங்கும்.

மிகுதியாக நடக்கும் பிழை இரட்டை எண்ணிக்கை. வேலை கொடுப்பவர் ஆண்டுதோறும் தரும் சம்பள அறிக்கையான டபிள்யூ-2 படிவத்தின் 12ஆம் பெட்டியில் டபிள்யூ என்ற எழுத்துக்கு எதிரே ஒரு தொகை இருக்கும். அதை நிறுவனம் தன் பங்காகப் போட்ட பணம் என்று மட்டும் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் நம் சம்பளத்திலிருந்து வரிக்கு முன் பிடித்து எச்.எஸ்.ஏ.க்கு அனுப்பிய பணமும் அதில் சேர்ந்தே இருக்கிறது. நிறுவனம் 1,000 டாலரும், சம்பளப் பிடித்தமாக 3,300 டாலரும் போயிருந்தால், அந்தப் பெட்டியில் 4,300 என்று இருக்கும். அடுத்த திரையில் மென்பொருள் “நீங்கள் தனியாகப் போட்ட பணம் எவ்வளவு?” என்று கேட்கும்போது 3,300 என்று தட்டினால், மொத்தம் 7,600 ஆகி, தனிநபர் வரம்பைவிட 3,300 கூடுதல் என்ற எச்சரிக்கை வந்துவிடும். அந்தக் கேள்வி, சம்பளப் பட்டியல் வழியாக அல்லாமல் நம் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பிய பணத்தை மட்டுமே குறிக்கிறது. அப்படி எதுவும் அனுப்பாதவர்கள் அங்கே பூஜ்யம் இட்டால் எச்சரிக்கை மறைந்துவிடும். வரிக் கணக்கில் எச்.எஸ்.ஏ.க்கென்று உள்ள 8889 படிவத்தின் 2ஆம் வரி வெறுமையாகவும் 9ஆம் வரியில் 4,300 என்றும் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

எச்சரிக்கை வந்தவர்களைவிட வராதவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. இதே தவறைக் குடும்பக் காப்பீடு உள்ளவர் செய்தால், 7,600 என்பது 8,550க்குள் அடங்கிவிடுவதால் மென்பொருள் வாய் திறக்காது. ஏற்கெனவே வரியிலிருந்து விலக்கப்பட்ட 3,300 டாலருக்கு இன்னொரு முறை கழிவு கொடுத்து, ரீஃபண்டையும் கூட்டிக் காட்டும். அது நமக்கு உரிய பணம் அன்று.

இரண்டாவது பிழை, காப்பீட்டைப் பற்றிய கேள்விகளைத் தாண்டிப் போய்விடுவது. எச்.எஸ்.ஏ.க்குத் தகுதி, டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்குவதற்கு முன் நாமே கட்ட வேண்டிய தொகை) அதிகமுள்ள காப்பீட்டில் இருப்பவர்களுக்கே உண்டு என்பதால், அந்தக் கேள்விகளுக்கு விடை இல்லையென்றால் மென்பொருள் வரம்பைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, போட்ட பணம் முழுவதையும் மிகை என்று சொல்லிவிடும். தகுதி மாதந்தோறும், மாதத்தின் முதல் தேதியில் உள்ள நிலையை வைத்துப் பார்க்கப்படுகிறது. ஜூன் வரை தனியாக இருந்தவர், ஊரிலிருந்து மனைவி வந்து சேர்ந்ததும் ஜூலை 1 முதல் குடும்பக் காப்பீட்டுக்கு மாறியிருந்தால், மாதக் கணக்குப்படி வரம்பு 6,425 டாலர். ஆனால் டிசம்பர் 1 அன்று தகுதியுடன் இருந்தால் முழு 8,550ஐயும் போட்டுக்கொள்ள விதி இடம் தருகிறது. அதற்கு ஈடாக அடுத்த ஆண்டின் டிசம்பர் 31 வரை தகுதியை இழக்காமல் இருக்க வேண்டும், தவறினால் கூடுதலாகப் போட்ட பகுதி வருமானமாகி, அதன்மேல் 10 சதவீதமும் கட்ட வேண்டிவரும். வேலை மாறும் எண்ணம் உள்ளவர்களுக்கு இந்தச் சலுகையை நான் பரிந்துரைப்பதில்லை.

கணவன், மனைவி இருவரும் தனித்தனியே எச்.எஸ்.ஏ. வைத்திருந்தாலும் குடும்ப வரம்பு இருவருக்கும் பொதுவானது. ஆளுக்கு ஒரு 8889 படிவம் வேண்டும் என்பதால், பணத்தைச் சரியான பெயரில் பதிந்திருக்கிறோமா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் சரிபார்த்த பிறகும் மிகை நின்றால் அது உண்மையான மிகை. ஆண்டின் நடுவில் வேலை மாறி, ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல் இரண்டு நிறுவனங்களும் பணம் போட்டிருப்பது இதற்குப் பொதுவான காரணம். அப்போது தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதிக்குள் மிகையையும், அது ஈட்டிய ஆதாயத்தையும் வெளியே எடுத்துவிட்டால் 6 சதவீத வரி கிடையாது. உரிய காலத்தில் தாக்கல் செய்துவிட்டவர்களுக்கு, திருத்திய கணக்குடன் இதைச் செய்ய அக்டோபர் 15 வரை அவகாசம் உண்டு. கணக்கை வைத்திருக்கும் நிறுவனத்திடம் மிகைப் பணத்தை நீக்குவதற்கென்றே உள்ள படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். டெபிட் கார்டைத் தேய்த்தோ சாதாரணமாகப் பணம் எடுத்தோ சரிசெய்யப் பார்த்தால், மருத்துவச் செலவு அல்லாத எடுப்பாகக் கருதப்பட்டு, வருமான வரிக்கு மேல் 20 சதவீதம் போய்விடும். மிகை 200 டாலர்தான் என்றால், 12 டாலர் வரியைக் கட்டிவிட்டு, அடுத்த ஆண்டு தகுதியோடு இருந்து வரம்புக்கு 200 குறைவாகப் போட்டு ஈடுசெய்வதே எனக்குச் சிக்கனமாகத் தோன்றுகிறது.

கலிபோர்னியா, நியூ ஜெர்சி வாசிகளுக்கு இன்னொன்று. இவ்விரு மாநிலங்களும் எச்.எஸ்.ஏ. சலுகையை ஏற்பதில்லை, ஆகவே மாநில வரிக் கணக்கில் கூட்டாட்சிக் கணக்கைவிட ஊதியம் அதிகமாகத் தெரிந்தால், அதைப் பிழை என்று எண்ணி மாற்றிவிடக் கூடாது. கணக்கில் சேரும் வட்டியும் டிவிடெண்டும் அங்கே வரிக்கு உட்பட்டவை. அவற்றுக்கென்று தனிப் படிவம் வராமலும் போகலாம் என்பதால், எச்.எஸ்.ஏ. கணக்கின் ஆண்டறிக்கையைத் திறந்து நாமே அந்தத் தொகையை எடுத்து மாநிலப் பகுதியில் பதிய வேண்டும்.