திறக்காத போன்

கேஷுவாலிட்டியில் நர்ஸாக இருப்பவர்களுக்குப் பழைய பட்டன் போனைப் பார்த்தாலே ஒரு நிம்மதி. நினைவில்லாதவரைக் கொண்டுவரும் 108 ஊழியர் பர்ஸையும் போனையும் எங்களிடம் ஒப்படைப்பார். பச்சைப் பட்டனை அழுத்தினால் போதும், கடைசியாகப் பேசிய எண்கள் வரும். அதில் 'வீடு' என்றோ 'அம்மா' என்றோ ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஸ்மார்ட்போன் வந்தபின், எல்லாம் லாக் ஆகியிருப்பதால், அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் 'பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 40' என்று எழுதிவிட்டு, வீட்டிலிருந்து யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருப்போம்.

சொந்தக்காரர் வரும்வரை வைத்தியம் நிற்காது. உயிரைக் காப்பதுதான் முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. ஆனால் நோயாளியின் பழைய கதை வீட்டு ஆளுக்குத்தான் தெரியும். ஒருமுறை தலையில் அடிபட்ட பெரியவர் ஒருவர் வந்தார். போன் லாக். ஆனால் லாக் திரையில் 'எமர்ஜென்சி'யைத் தொட்டதும் மகனின் எண் வந்தது. "அப்பாவுக்கு வால்வு ஆபரேஷன் ஆயிருக்கு சிஸ்டர், ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை போடுறார்" என்றார் மகன். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலைக்குள் கசிவு ஏற்பட்டால் எளிதில் நிற்காது. டாக்டர் உடனே அதற்கான ரத்தப் பரிசோதனையையும், அந்த மாத்திரையின் வேலையை முறிக்கும் மருந்தையும் எழுதினார்.

2005-இல் இங்கிலாந்தின் பாப் பிராட்சி என்ற ஆம்புலன்ஸ் ஊழியர், வீட்டார் எண்ணை 'ஐ.சி.இ.' ('இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி', அதாவது 'அவசரம் என்றால்') என்ற பெயரில் போனில் சேமிக்கச் சொன்னார். அருமையான யோசனை. ஆனால் இன்று பூட்டிய போனுக்குள் அந்தப் பெயர் இருந்து பயனில்லை. ஐபோனில் 2014 முதலும் ஆண்ட்ராய்டில் 2016 முதலும், பூட்டியிருக்கும்போதே தெரிகிற மாதிரி அவசரத் தகவல் பதிய வசதி இருக்கிறது. ஐபோனில் 'லாக் ஆனாலும் காட்டு' என்பதையும் ஆன் செய்திருக்க வேண்டும்.

பலர் ரத்த குரூப்பை மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். அதை நம்பி யாரும் ரத்தம் ஏற்றுவதில்லை, நாங்கள் பரிசோதித்துத்தான் ஏற்றுவோம். சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்பதெல்லாம்தான் எங்களுக்கு வேண்டும்.

யாருடைய எண் என்பதும் முக்கியம். துபாயில் இருக்கும் மகனைவிட அடுத்த தெருவில் இருக்கும் மச்சினர் சீக்கிரம் வந்து சேர்வார். இரண்டு பேர் எண்ணையும் உறவுமுறையோடு போடுங்கள். 'செல்லம்' என்று மட்டும் இருந்தால் பேசுவது மனைவியா மகளா என்று தெரியாமல் எப்படிச் செய்தி சொல்வது?

இப்போது இன்னொரு சிக்கல். "உங்க அப்பா ஆஸ்பத்திரியில இருக்கார்" என்றாலே மோசடி என்று நினைத்துக் கட் பண்ணுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள். நாங்கள் கேட்பது என்ன மாத்திரை, எப்போது வருவீர்கள் என்பதைத்தான். சந்தேகமாக இருந்தால் ஆஸ்பத்திரி லேண்ட்லைன் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டு, கேஷுவாலிட்டிக்கு இணைக்கச் சொல்லுங்கள்.