ஃபிரிட்ஜுக்குள் வீட்டுச் சாவி

டென்மார்க்கில் பிறந்து பெர்லினில் குடியேறிய ஆக்னஸ் ஓபெலின் முதல் ஆல்பம் 'ஃபில்ஹார்மோனிக்ஸ்', 2010-இல் வந்தது. பெயரைப் பார்த்துப் பெரிய வாத்தியக் குழுவை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு பியானோ, ஒரு குரல், அதே குரல் அடுக்கடுக்காக, அங்கங்கே ஒரு செல்லோ. மொத்தம் 12 உருப்படிகள். அதில் மூன்றில் பாட்டே கிடையாது. இசைக்கலைஞர் ஜான் கேலின் ஒரு பாட்டைத் தவிர மீதி எல்லாம் அவரே எழுதியது. வாசித்தது, பாடியது, பதிவு செய்தது, தயாரித்தது எல்லாமும் அவரேதான். மறுவருடம் டேனிஷ் மியூசிக் அவார்ட்ஸில் ஐந்து விருதுகள் கிடைத்தன.

ஒலிப்பதிவு வேலையில் இருப்பவர்களின் காது இந்த மாதிரி ஆல்பத்தில் மெட்டுக்கு முன்னால் இடைவெளிக்குப் போய்விடும். குரல் நின்ற இடத்தில் என்ன கேட்கிறது? பெடலை விட்டதும் என்ன வருகிறது? "சாஃப்டான ஆல்பம்தானே, ஒரு மைக் போதும், ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்" என்று வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உண்மையில் கணக்கு தலைகீழ். ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகா 1984-இலும் 1985-இலும் ஆல்பம் பதிவு செய்தது கோபன்ஹேகனின் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டுடியோவில் (பெயரில் மட்டும்தான் சைலன்ஸ்). அந்த வகை இசையில் நாற்காலி கிறீச்சிட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை, டிரம்ஸ் மறைத்துவிடும். பியானோவும் குரலும் மட்டும் இருக்கும் பாட்டில் மறைக்க ஆள் இல்லை. எந்தச் சத்தத்தை வைத்துக்கொள்வது, எதை விரட்டுவது என்ற முடிவுகளிலேயே முக்கால்வாசி வேலை போய்விடும்.

ஃபோக் என்றதும் கிட்டாரைத் தேடுவார்கள். ஓபெலுக்கு அது வந்த வழி வேறு. சுவீடனின் யான் யோஹான்சன் 1964-இல் 'யாஸ் போ ஸ்வென்ஸ்கா' என்ற இசைத்தட்டில் நாட்டுப்புற மெட்டுகளைப் பியானோவையும் டபுள் பேஸையும் மட்டும் வைத்து வாசித்தார். தன்னைப் பாதித்தவர்கள் என்று ஓபெல் சொல்லும் பெயர்களில் அவர் முக்கியமானவர். அந்தத் தட்டில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விட்டிருக்கும் இடம்தான் பாடம். அந்த இடத்தைப் பதிவில் காப்பாற்றுவதுதான் பிரச்சினையும்.

முதலில் அறை. பெர்லினிலோ கோபன்ஹேகனிலோ பழைய அடுக்குமாடி வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்குப் போக்குவரத்தைவிட ரேடியேட்டர்தான் தலைவலி. சூடாகும்போதும் ஆறும்போதும் இரும்பு 'டிக் டிக்' என்று விரியும், சுருங்கும். பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பே வால்வை மூடிவிட வேண்டும். ஐந்து நிமிடம் முன்னால் மூடினால் அது ஆறுகிற சத்தம் முழுக்க முதல் டேக்கில் ஏறிவிடும். அடுத்தது ஃபிரிட்ஜ். அதன் உறுமல் 50 ஹெர்ட்ஸிலும் 100 ஹெர்ட்ஸிலும் உட்கார்ந்திருக்கும், செல்லோவின் அடிக்கம்பி இருக்கும் அதே பக்கத்தில். பின்னால் ஈக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) வெட்டப் போனால் செல்லோவும் சேர்ந்து மெலியும். அதனால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே வழி. மறுபடி போட மறந்தால் சாப்பாடு பாழ். அதற்கு வீட்டில் பதிவு செய்பவர்களிடம் ஒரு பழைய உபாயம் இருக்கிறது: வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. சாவி இல்லாமல் யாரும் வெளியே கிளம்ப முடியாது.

எல்லாம் அணைத்த பிறகு, எல்லா மைக்கும் பாட்டுக்கு வைத்த அதே கெயினில் (ஒலியைப் பெருக்கும் அளவில்) இருக்க, யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்ய வேண்டும். இந்த ரூம் டோன் எதற்கு என்று கேட்பவர்கள் எடிட்டிங் மேசைக்கு வரும்போது கேட்பதை நிறுத்திவிடுவார்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே மூச்சை வெட்டி எடுத்தால் அங்கே முழுச்சூனியம் விழும். காதுக்கு அது சத்தத்தைவிட மோசம், பாட்டு செத்துப் பிழைத்த மாதிரி இருக்கும். அந்தக் குழியில் நிரப்ப அதே அறையின் காற்று வேண்டும். இன்னொரு நாள் பிடித்த அறைச் சத்தம் ஒட்டாது. மழை பெய்த நாளின் அறை வேறு, வெயில் நாளின் அறை வேறு.

மைக்கைத் தேர்ந்தெடுக்கும்போது பிராண்டுக்கு முன் பார்க்க வேண்டியது அதன் சொந்த இரைச்சல். ரோடு என்டி1-ஏ 5 டெசிபல், நாய்மன் டிஎல்எம் 103-க்கு 7. டிபிஏ 4006-க்கு 15. டென்மார்க்கின் ப்ரூயல் அண்ட் கேர் அளவீட்டு நிறுவனத்திலிருந்து 1992-இல் பிரிந்து வந்ததுதான் டிபிஏ. அந்த மைக்கின் துல்லியத்தைப் பற்றி இரண்டாம் பேச்சு கிடையாது. ஆனாலும் முணுமுணுப்பாகப் பாடும் குரலுக்கு அந்த 15 ஒரு மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' ஆகத் தெரியும். டைனமிக் மைக்குகளில் சிக்கல் வேறு. எஸ்எம்7பி மாதிரி ஒன்றுக்கு 60 டெசிபல் கெயின் தேவை; மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் மலிவானதாக இருந்து அதை அவ்வளவு திருகினால் ப்ரீஆம்பின் இரைச்சலைத்தான் பதிவு செய்வோம்.

பாடுபவர் மைக்கிலிருந்து 15 செ.மீ. தள்ளி நின்றால் நெருக்கம் கிடைக்கும். கூடவே 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரல் பருத்துவிடும். 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) போட்டு, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்திலிருந்து சற்றுக் கீழ்நோக்கித் திருப்பினால் பாதி சரியாகும். நாக்கு ஒட்டி வரும் 'க்ளிக்'குகளுக்குத் தண்ணீர் மட்டும் போதாது. பச்சை ஆப்பிளை ஒரு கடி கடித்துவிட்டுப் பாடச் சொல்வார்கள், எச்சில் இளகும். பால் கலந்த காபி கூடவே கூடாது.

இனி குரல் அடுக்குகள். ஓபெலின் பாட்டுகளில் ஒரே குரல் தனக்குத்தானே பின்பாட்டு பாடுவது கேட்டவர்களுக்குத் தெரியும். இதைச் செய்யப் போகிறவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். டிராக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் 3 டெசிபல் ஏறும். எட்டு டிராக் என்றால் 9, பதினாறு என்றால் 12. எட்டுக் குரலும் பாடிக்கொண்டிருக்கும்போது இது தெரியாது, குரலும் சேர்ந்தே ஏறுகிறதல்லவா. ஏழு குரல் நின்று ஒன்று மட்டும் பாடும் வரியில்தான் எட்டு அறைகளின் காற்று ஒன்றாக வீசும். பாடாத இடங்களை வெட்டினால், பின்குரல்கள் வரும்போதெல்லாம் இரைச்சலும் உள்ளே வரும், போகும்போது அதுவும் போகும். கதவைத் திறந்து திறந்து மூடுவது போலிருக்கும். இதற்கு மருந்து முன்னே சொன்ன ரூம் டோன்தான்: அதை ஒரே டிராக்காகப் பாட்டின் தலைமுதல் கால்வரை ஓடவிட்டு, மற்ற எல்லாவற்றையும் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் 30 முதல் 50 மில்லிசெகண்ட் ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றி இறக்குவது) கொடுக்க வேண்டும்.

அடுக்கில் இன்னொரு சங்கடம், மெய்யெழுத்துகள். ஆறு குரலும் 's' என்று முடித்தால் பாம்புப் பண்ணை. முதன்மைக் குரல் மட்டும் வார்த்தையை முழுதாக முடிக்கட்டும். பின்குரல்கள் கடைசி 's', 't' இரண்டையும் விழுங்கிவிட வேண்டும். மிக்ஸில் (எல்லா டிராக்கையும் கலக்கும்போது) டீ-எஸ்ஸர் என்ற எஸ் அடக்கும் கருவியைப் போட்டுச் சரிசெய்யலாம் என்று விட்டால், எஸ் போவதோடு குரலின் காற்றோட்டமும் போய்விடும்.

பியானோவுக்கு வருவோம். இந்த வகை ஆல்பங்களில் படுத்த வாட்டத்தில் இருக்கும் கிராண்டைவிட, நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவுக்குத்தான் மவுசு. சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பளி ஃபெல்ட் பட்டையை இறக்கினால் அடியின் கூர்மை போய்ப் பஞ்சு போன்ற நாதம் வரும். பட்டை 1 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. தடிமன் கூடினால் சுத்தியல் முழுதாகத் திரும்பாமல் ஒரே ஸ்வரம் இரண்டு தரம் தட்டும், வேகமான இடங்களில் சில ஸ்வரங்கள் வராமலே போகும். பெரிய அதிர்ச்சி அதற்குப் பிறகுதான்: நாதம் குறைந்ததும் அதுவரை ஒளிந்திருந்த மரச்சத்தம் எல்லாம் மேலே வந்துவிடும். விரல் அழுத்தும் கட்டைகள் கீழே மோதும் 'தொப்', டாம்பர்கள் (கம்பியின் அதிர்வை நிறுத்தும் பட்டைகள்) ஒன்றாகக் கம்பியில் விழும் பெருமூச்சு, பெடல் தண்டின் முனகல், ஸ்டூலின் முறுக்கு. இதில் 'தொப்'பும் பெருமூச்சும் இருக்கலாம். கேட்பவருக்கு ஒரு மனுஷி பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதைச் சொல்லும் சத்தங்கள் அவை. பெடல் முனகல் போகத்தான் வேண்டும், ஒவ்வொரு சுரக்கோவைக்கும் அது திரும்ப வரும். தண்டு உரசும் இடத்தில் தோல் துண்டு வைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்டூலை மாற்றிவிட்டுச் சாதாரண மர நாற்காலி போடலாம்.

மேல் மூடியைத் திறந்து, முன்பலகையைக் கழற்றி, சுத்தியல்களிலிருந்து 20–25 செ.மீ. தள்ளி, ஒன்றுக்கொன்று அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு சிறு கண்டென்சர் மைக்குகள். வைத்ததும் முதல் வேலை, இரண்டையும் மோனோவாக்கி, அதாவது ஒன்றாகக் கலந்து, கேட்பது. கீழ்ஸ்வரங்கள் மெலிந்தால் ஒரு மைக்கைச் சில செ.மீ. நகர்த்த வேண்டும். வாரக்கணக்கில் பதிவு செய்துவிட்டு மிக்ஸில் இதைக் கண்டுபிடித்தால் செய்வதற்கு அதிகம் இல்லை.

வட ஐரோப்பியக் குளிர்காலம் பியானோவுக்குப் பகை. ஹீட்டர் போட்டால் வீட்டுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். சவுண்ட்போர்டு (ஒலியைப் பெருக்கும் மரப்பலகை) சுருங்கி, சுருதி தாழும். ஒரே சீராகத் தாழ்ந்தால்கூடப் பரவாயில்லை, நடு ஆக்டேவ்கள்தான் அதிகம் நகரும். ஜனவரியில் ஏ-ஸ்வரம் 438 ஹெர்ட்ஸில் இருந்தபோது பியானோவைப் பதிவு செய்து, ஏப்ரலில் சுருதி சேர்ப்பவர் வந்து 440-க்கு ஏற்றிய பிறகு ஒரு பாட்டில் நாலு பாரை (தாளச் சுற்றை) மட்டும் மறுபடி வாசித்து ஒட்டினால் என்ன ஆகும்? எட்டு சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வித்தியாசம். கேட்பவருக்கு எது தப்பு என்று சொல்லத் தெரியாது. அந்த இடத்தில் பாட்டு ஒரு படி வெளுத்த மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் நடு ஏ-யைச் சுருதி அளக்கும் ட்யூனர் கருவியில் அளந்து, தேதி போட்டு, டேக் ஷீட்டில் எழுதி வைப்பது வழக்கமாக வேண்டும். செல்லோக்காரர் மூன்று மாதம் கழித்து வந்தாலும் அந்த எண்ணுக்குச் சுருதி கூட்டிக்கொள்வார்.

க்ளிக் (ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் 'டிக்' சத்தம்) வைத்து வாசிப்பதா வேண்டாமா என்பதில் சண்டை ஓயாது. வேண்டாம் என்பதே சரி. பாட்டின் மூச்சு போய்விடும். குரல் அடுக்குகளுக்காக வைத்தே ஆகவேண்டும் என்றால், பின்பக்கம் மூடிய ஹெட்ஃபோன், கூரான 'டிக்'குக்குப் பதில் மந்தமான மரச்சத்தம். கடைசிச் சுரக்கோவை அடித்ததும் க்ளிக் நின்றுவிட வேண்டும். அந்தச் சுரக்கோவை பத்துப் பன்னிரண்டு நொடி தேயும். அந்தத் தேய்வின் அடியில் ஹெட்ஃபோனிலிருந்து கசியும் க்ளிக் கேட்டால் அருமையான டேக் ஒன்று குப்பைக்குப் போகும்.

கிட்டார் இருந்தால் புதுக் கம்பி மாட்டாதீர்கள். மைக் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேரே, ஓட்டைக்கு நேரே அல்ல. அவ்வளவுதான்.

மிக்ஸில் கை கட்டுப்பட வேண்டும். கம்ப்ரஸர் (சத்தமான இடங்களை அழுத்தும் கருவி) 2:1, அழுத்தும் அளவைக் காட்டும் ஊசி 2–3 டெசிபலைத் தாண்டக் கூடாது. டேனிஷ் ட்யூப்-டெக் சிஎல் 1பி-யை இதற்கு விரும்புகிறவர்கள் அதிகம், மெதுவாகப் பிடித்து மெதுவாக விடும். ஆனால் அழுத்திய அளவுக்கு மேலே ஏற்றும்போது ரேடியேட்டரும் கூடவே ஏறும் என்பது எந்தக் கம்ப்ரஸருக்கும் பொது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை 6 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளலாம். பேராசைப்பட்டால் பியானோவின் தேய்வு தண்ணீருக்குள் குமிழிவிடும்.

மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி மெருகில்) பயம்தான் எதிரி. மற்றவர்கள் பாட்டு சத்தமாக இருக்கிறதே என்று இதையும் −9 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தின் அளவை) வரை தள்ளுவார்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாவற்றையும் −14-ஐ ஒட்டிக் கொண்டுவரும். தள்ளிய ஐந்து டெசிபலையும் அது திரும்பக் குறைத்துவிடும். மிஞ்சுவது நசுங்கிய பியானோவும் மேலே ஏறிய இரைச்சலும். −16, −17-இல் விட்டு, உச்சம் −1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். இன்னொன்று: ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது பாட்டுகளுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வை ஸ்பாட்டிஃபை அப்படியே விட்டுவிடும். பாட்டில்லாத உருப்படியைப் பக்கத்துப் பாட்டுக்குச் சமமாக ஏற்ற எந்தக் காரணமும் இல்லை.

கடைசியில் வினைல். சுமார் 40 நிமிட ஆல்பம் பக்கத்துக்கு 20 நிமிடமாகப் பிரிந்தால் 33⅓ சுழற்சியில் வசதியாக உட்காரும். 25-ஐத் தாண்டினால் தட்டில் வெட்டும் ஒலியின் மட்டத்தைத் தாழ்த்த வேண்டியிருக்கும். மெல்லிய இசையில் அது நேரே பொரிகிற சத்தத்தில் போய் நிற்கும். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் பள்ளம் மையத்தை நெருங்கும்போது எஸ் ஒலிகள் கரகரக்கும், ஆகவே அங்கே எஸ் குறைந்த பாட்டையோ பாட்டில்லாத உருப்படியையோ வைப்பார்கள். டெஸ்ட் பிரஸ்ஸிங் (சோதனைக்காக அச்சிட்ட தட்டுகள்) வந்ததும் பலர் முதல் பாட்டைப் போட்டுப் பார்த்துத் தலையாட்டிவிடுவார்கள். போட்டுப் பார்க்க வேண்டியது நீண்ட பியானோ ஸ்வரம் தேயும் இடத்தை. துளை மையத்திலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும், தட்டு ஒருமுறை சுற்றும் 1.8 நொடிக்கு ஒருதரம் அந்த ஸ்வரம் மேலும் கீழும் ஆடும். குரலிலும் செல்லோவிலும் இந்த ஆட்டம் விப்ராட்டோ (ஸ்வரத்தை வேண்டுமென்றே அசைப்பது) என்று தப்பிவிடும். பியானோவுக்கு விப்ராட்டோ கிடையாது. ஆடினால் எல்லாப் பிரதியையும் சுழலவிட்டுப் பார்க்க வேண்டும்: ஒன்றில் மட்டும் என்றால் அந்தத் தட்டின் கோளாறு, எல்லாவற்றிலும் என்றால் ஸ்டாம்பரிலேயே (தட்டுகளை அழுத்தி எடுக்கும் உலோக அச்சிலேயே) துளை தவறியிருக்கிறது, வேறு ஸ்டாம்பர் கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.