கொட்டேஷனில் இல்லாத ஒன்றரை லட்சம்: வீட்டுக்குச் சென்ட்ரல் ஏசி போட்ட அனுபவம்

வேளச்சேரியில் உள்ள எங்கள் வீட்டின் மாடித் தளத்துக்குச் சென்ட்ரல் ஏசி போட, வரி உட்பட 6.2 லட்சம் ரூபாய் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். வேலை முடிந்தபோது என் கையிலிருந்து போனது 7.7 லட்சம். கூடுதலாகப் போன ஒன்றரை லட்சத்தில் ஒரு ரூபாய்கூட எந்திரத்துக்கான விலை அல்ல. அந்த வலி இன்னும் ஆறவில்லை என்பதால்தான், இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2025 மார்ச்சில் மூன்று கொட்டேஷன்கள் வாங்கினேன். முதலாமவர் மொட்டை மாடிக்கு ஏறிக்கூடப் பார்க்காமல், சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டு 10 எச்பி (குதிரைத்திறன்) அவுட்டோர், அதாவது வெளியே வைக்கும் எந்திரம், வேண்டும் என்றார். இரண்டாமவரின் தொகை மிகக் குறைவாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோதுதான் அதில் ஜிஎஸ்டி சேர்க்கப்படவில்லை என்பதும், அன்றைய 28 சதவீதத்தைச் சேர்த்தால் அது மலிவே அல்ல என்பதும் புரிந்தது. (2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான வரி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது.) மூன்றாமவர் மட்டுமே மேற்குப் பக்கத்து ஜன்னல்களை அளந்து, மாடியில் வெள்ளை ஓடு பதித்திருப்பதைக் குறித்துக்கொண்டு, வெப்பக் கணக்குப் போட்டு 8 எச்பி போதும் என்று சொன்னார். அவரையே தேர்ந்தெடுத்தேன்; அந்த முடிவில் இன்றும் எனக்கு வருத்தமில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இத்தகைய எந்திரங்களில் எச்பியும் டன்னும் ஒன்றல்ல. 8 எச்பி என்பது ஏறத்தாழ 6.4 டன்தான். ஒருவர் எச்பியிலும் மற்றொருவர் டன்னிலும் எழுதித் தந்தால் இரண்டையும் கிலோவாட்டுக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும்.

நான் ஏமாந்த இடம் கொட்டேஷனின் கடைசிப் பக்கம். "கட்டுமானம், மின்சாரம் சார்ந்த பணிகள் வாடிக்கையாளரைச் சேர்ந்தவை" என்று சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியை நான் பொருட்படுத்தவில்லை. மெயின் போர்டிலிருந்து மாடிக்கு இழுத்த கேபிளும் பிரேக்கரும் 31,000, அவுட்டோருக்கான இரும்பு ஸ்டாண்ட் 14,000 என்று அந்த ஒரு வரிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள பீமில் துளையிட ஆள் மிஷினுடன் நின்றபோது நான் தற்செயலாக அங்கே இருந்தேன். பீமைத் தொடக்கூடாது என்று எங்கள் கட்டட எஞ்சினியர் உறுதியாகச் சொல்லிவிட்டதால் கேஸ் செல்லும் காப்பர் பைப்பைப் பீமுக்குக் கீழே சுற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதற்கு மேலும் 22,000. பைப் செல்லும் பாதையை வரைபடமாகக் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்திட்டிருக்க வேண்டும். மும்முனை இணைப்பில் மின்பளுவை உயர்த்தும் வேலை சிக்கலின்றி முடிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஃபால்ஸ் சீலிங்கை மூடுவதற்கு முன் காப்பர் பைப்பில் நைட்ரஜன் நிரப்பி, 550 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓர் இரவும் பகலும் நிறுத்திக் காட்டச் சொன்னேன். மறுநாள் காலையில் முள் 510-இல் நின்றது. இரவுக் குளிர்ச்சியால் அழுத்தம் சற்றுக் குறையலாம், ஆனால் இவ்வளவு குறையாது. சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் மகனின் அறையில் ஒரு நட்டின் ஓரத்தில் குமிழி எழும்பியது. அன்று அதைப் பிடிக்காமல் விட்டிருந்தால் கேஸ் முழுவதும் கசிந்த பிறகு சீலிங்கைப் பிரித்துத் தேடியிருப்போம்.

ஆனால், தண்ணீர் போகும் குழாயை அதே கவனத்துடன் பார்க்கத் தவறிவிட்டேன். "தண்ணி தானா போயிடும் சார்" என்று மேஸ்திரி சொன்னதை நம்பினேன். சென்னையின் ஈரக்காற்றில் ஏசியிலிருந்து வடியும் நீர் கொஞ்சநஞ்சமல்ல. பதினோராம் நாள் காலையில் படுக்கையறைச் சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்பு வட்டம் ஒன்று தெரிந்தது. கை வைத்தால் ஜிப்சம் பலகை ஊறி உள்வாங்கியது. இன்டோருக்கு (அறைக்குள் சீலிங்கின் மேல் இருக்கும் எந்திரம்) அடியில் திறந்து பார்க்கக் கதவே விடாததால் பலகையை அறுக்க வேண்டியதாயிற்று. குழாயின் மேல் ரசமட்டத்தை வைத்தபோது குமிழி எதிர்ப்பக்கம் ஓடியது. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் சரிவு வேண்டும் என்றால், எட்டு மீட்டர் ஓட்டத்துக்கு எட்டு சென்டிமீட்டர் இறக்கம் தேவை. எங்கள் சீலிங்கின் மேல் இருந்த இடமோ 25 சென்டிமீட்டர், அதில் எந்திரமே 20 சென்டிமீட்டர். கணக்குப் போட்டிருந்தால் வரைபடத்திலேயே தெரிந்திருக்கும். தொலைவில் உள்ள இரண்டு அறைகளுக்கும் நீரேற்றும் சிறு பம்பு வைக்க 17,000, சீலிங்கைச் சீர்செய்து வண்ணம் பூச 46,000 செலவாயின.

கடைசிப் பத்து சதவீதத்தைத் தராமல் நிறுத்தி வைத்திருந்தது மட்டுமே எனக்குக் கைகொடுத்தது. அதனால்தான் குழாயை மாற்றுவதற்கான கூலியை ஒப்பந்தக்காரர் தாமே ஏற்றுக்கொண்டார். ஐந்து இன்டோர்களுக்கும் கீழே கதவு வைக்கச் சொன்னேன். பிறகு இன்டோருக்குள் நீர் சேரும் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது குளியலறையின் நானி டிராப்பில் (தரை வடிகால்) வந்து விழுவதை நின்று பார்த்த பின்னரே காசோலையில் கையெழுத்திட்டேன்.